ஜீப் ஏன் அலைகிறது? – ஸ்டியரிங் கோளாறைக் கண்டறியும் முறை

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், தவளக்குப்பம்

ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு நம் சங்கச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது நான் ஒரு கவிதை கொடுப்பதாகச் சொன்னேன். "வேணாம்பா, கவிதை மட்டும் நாப்பது வந்துடுச்சி. பாடம் சம்பந்தமா ஏதாவது எழுது" என்றார். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். அதை நான் வகுப்பறையில் பாதியும், ஒரு பழைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மீதியும் கற்றேன். நடுவில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் யாராவது ஒருவர் அதே தப்பைச் செய்யாமல் இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். தாத்தா கட்டை வண்டி ஓட்டியவர். அப்பா ஐந்தாவது வரை படித்துவிட்டு, கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர். தென்னந்தோப்பும் நெல் வயலும் வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறார். உர மூட்டை, தேங்காய், நாற்றுக்கட்டு, மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிய டிராக்டர் டிரெய்லரை இழுப்பது என்று எல்லா வேலையும் அந்த நாலு சக்கர இழுவை ஜீப்புக்குத்தான். நல்லவாடு பக்கம் மணலில் இறங்கினாலும் ஏறி வந்துவிடும். ஆனால் போன வருஷம் முதல் அது தார் ரோட்டில் நேராக நிற்க மறுத்தது.

வண்டியின் வம்சம்

இரண்டாம் உலகப் போருக்காக 1941-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி தயாரிக்கத் தொடங்கியதுதான் இந்த ஜீப்பின் மூதாதை. அதே வடிவத்தை ஃபோர்டு கம்பெனியும் செய்து கொடுத்தது. போர் 1945-ல் முடிந்ததும் அதையே சற்று மாற்றி விவசாயிகளுக்கும் பொதுமக்களுக்கும் விற்றார்கள். நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டும் வேலையை ஆரம்பித்தது. 1953-ல் அமெரிக்காவில் வந்த உயரமான பானட் கொண்ட சி.ஜே. 3பி என்ற மாடல், அங்கே நின்றுபோன பிறகும் இங்கே பல பத்தாண்டுகள் பல பெயர்களில் ஓடியது. நம் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் பார்க்கிற பழைய மகிந்திரா ஜீப்புகள் அந்த வம்சம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நோயைப் புரிந்துகொள்ள உடம்பு எப்படி அமைந்தது என்று தெரியவேண்டும். இன்றைய கார்களில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஜீப்பில் முன்பக்கமும் ஒரே அச்சுதான். அந்த முழு அச்சும் இரண்டு பட்டைக் கட்டுகளின் மேல், அதாவது லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல், யு போல்ட்டால் கட்டப்பட்டிருக்கிறது. அச்சு முன்னே பின்னே நகராமல் பிடித்திருப்பதும் அந்தப் பட்டைகள்தான். ஆகவே பட்டையில் கை வைத்தால் ஸ்டியரிங்கிலும் கை வைத்த மாதிரிதான். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் வீலைத் திருப்பினால் அசைவு இந்த வழியாகப் போகிறது: ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், நடுவில் பெல் கிராங்க், டை ராடுகள், கடைசியில் கிங் பின்னைச் சுற்றித் திரும்பும் நக்கிள். பெல் கிராங்க் இல்லாத வண்டிகளும் உண்டு. எப்படி இருந்தாலும் வழியில் இருக்கும் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் தேய்ந்தால், எல்லாம் சேர்ந்து வீலில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

முதலில் நோயின் பெயரைக் கேளுங்கள்

"ஸ்டியரிங் சரியில்லை" என்று யார் சொன்னாலும் அதோடு விடக்கூடாது. அதில் ஐந்து வகை இருக்கிறது.

1. அலைதல்: வண்டி ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது என்று மேய்ந்துகொண்டே போகும். டிரைவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

2. இழுத்தல்: எப்போதும் ஒரே பக்கம் போகும். ஒரு டயரில் காற்றுக் குறைவு, ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, அச்சு ஒரு பக்கம் பின்வாங்கியிருப்பது ஆகியவை காரணம்.

3. உதறல்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் ஒரு பள்ளத்தில் விழுந்த உடனே, முன் சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். கிங் பின் பேரிங் தளர்வு, மூட்டுகளின் தேய்மானம், சக்கரம் பேலன்ஸ் இல்லாதது ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும். டேம்பர் மாட்டினால் உதறல் அடங்கும். தேய்மானம் அப்படியே இருக்கும்.

4. வெட்டுதல்: மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் வீல் தானாகத் திரும்பும். டிராக் லிங்க் படுத்திருக்கவேண்டிய வாட்டத்தில் இல்லை என்று அர்த்தம். பட்டையை உயர்த்திய வண்டிகளில் வரும்.

5. திரும்பி வராமை: வளைவு முடிந்தும் வீல் தானாக நடுவுக்கு வராது. எங்கோ இறுக்கம், அல்லது கேஸ்டர் கோணம் குறைவு.

எங்கள் ஜீப்புக்கு முதலாவதும் ஐந்தாவதும் இருந்தன. அப்பா அதை அவர் பாஷையில் சரியாகத்தான் சொன்னார்: "வண்டி நம்ம பேச்ச கேக்க மாட்டேங்குது. காத்து பேச்சத்தான் கேக்குது." சுண்ணாம்பாறு பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வருவாராம்.

நான் செய்த தப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் எங்கள் வீட்டு வாசலில் புளியமரத்தடியில் நின்றது. நான் வீலை ஆட்டிப் பார்த்தேன். சக்கரம் அசைவதற்கு முன் வீலின் விளிம்பு மூன்று அங்குலம் போல சும்மா ஆடியது. ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டத்தைக் குறைக்க ஒரு அட்ஜஸ்டிங் ஸ்குரு இருப்பதை அப்போதுதான் படித்திருந்தேன். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குருவை இறுக்கி, மறுபடி நட்டைப் பூட்டினேன். ஆட்டம் பாதி குறைந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்த பிள்ளை என்று எனக்கே ஒரு கர்வம்.

நான் கவனிக்காதது ஒன்று. வண்டி நின்றபோது சக்கரம் ஒரு பக்கம் கடைசி வரை திரும்பியிருந்தது. ஸ்டியரிங் பாக்ஸ் எந்த வகையாக இருந்தாலும், வண்டி நேராக ஓடும் நடு நிலையில் உள்ளே நெருக்கமாகவும், ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் பொருந்தும்படிதான் செய்திருப்பார்கள். நேராக ஓடும்போதுதான் ஆட்டம் இருக்கக்கூடாது என்பதால் அப்படி. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் வரும்போது கவ்விக்கொள்ளும். நான் அதைத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் காலை அபிஷேகப்பாக்கம் ரோட்டில் ஒரு வளைவு முடிந்து வீல் திரும்பி வரவில்லை. அப்பா இழுத்துத் திருப்புவதற்குள் முன் சக்கரம் வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு நெற்றியில் மூன்று தையல். ஐந்து மூட்டை உரம் தண்ணீரில் போயிற்று.

முதலாளி வந்து பார்த்தார். "வயசாயிடுச்சிய்யா உனக்கு. கண்ணும் தெரியல, கையும் நிக்கல. நான் வேற ஆளு பாத்துக்கறேன்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து நான் குடைந்தது அவருக்குத் தெரியும். ஆனாலும் என் பேரை எடுக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நம் ஆட்டோமொபைல் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மொதல்ல முதலாளிகிட்ட போய் உண்மையச் சொல்லு. அப்புறம் ஒரு நோட்டு எடுத்துக்கோ. எதையும் இறுக்காத, எதையும் மாத்தாத. எல்லாத்தையும் அளந்து எழுதிக்கிட்டு வா" என்றார். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு வாரம் டைம். நீயே கண்டுபிடி" என்றார். அந்த ஒரு வாரத்தில் செய்ததுதான் கீழே வரும் வரிசை. செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

சோதனை வரிசை

படி 1. டயரும் கியரும்

நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே வகையா, காற்று ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அச்சில் ரேடியலும் பழைய வகை நைலான் டயரும் கலந்து போட்டிருந்தால் மற்ற சோதனைகளே வீண். அடுத்து, முன் அச்சு இழுவை லீவர் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போட்டபடி ஓட்டினால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கும், ஸ்டியரிங் கனக்கும்.

பிறகு டயரின் கட்டைகளின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டுங்கள். உள்ளிருந்து வெளியே போகும்போது கூர்மையாகத் தட்டுப்பட்டால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது தட்டுப்பட்டால் சக்கரங்கள் முன்புறம் விரிந்திருக்கின்றன. எங்கள் வண்டியில் இரண்டாவது வகை.

படி 2. ஆட்டம் எங்கே?

வண்டியின் கனம் சக்கரத்தில் இருக்கும்போதே, சமதரையில், ஒருவர் உட்கார்ந்து வீலைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் ஆட்டவேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பாக்ஸிலிருந்து ஆரம்பித்துச் சக்கரம் வரை வரிசையாகப் போங்கள். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைகிறது, அந்தப் பக்கம் அசையவில்லை என்றால் ஆட்டம் அங்கேதான். பாக்ஸ் சேசியில் பூட்டியிருக்கும் போல்ட்டுகளையும், அந்த இடத்தில் சேசியில் விரிசல் இருக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள். பாக்ஸே நகர்ந்தால் மற்ற மூட்டுகளை மாற்றிப் பயனில்லை.

என் தம்பி மேலே, நான் கீழே. பெல் கிராங்கின் பின் நன்றாகத் தேய்ந்திருந்தது. டை ராட் எண்டு ஒன்று உள்ளங்கையிலேயே டக் டக் என்றது. அதாவது நான் பாக்ஸை இறுக்கி மறைக்கப் பார்த்த ஆட்டத்தில் பாதிக்குமேல் பாக்ஸில் இல்லவே இல்லை.

படி 3. சக்கரத்தைத் தூக்கி

முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கல் கொடுத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது ஹப் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின் பேரிங்காகவும் இருக்கலாம். பிரிக்க ஒரு சுலப வழி: ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். இடம் வலமாக ஆட்டினால் தெரிவது டை ராடின் தேய்மானம்.

பழைய வில்லிஸ் வழி அச்சில் கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை, மேல் கீழ் மூடிகளுக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து வைப்பார்கள். தகட்டைக் குறைத்தால் இறுகும். டை ராடையும் ஆயில் சீலையும் கழற்றிவிட்டு, நக்கிள் ஆர்மின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 4 முதல் 6 பவுண்டில், அதாவது ஏறக்குறைய 1.8 முதல் 2.7 கிலோவில் திரும்பவேண்டும் என்பது வில்லிஸ் கணக்கு. தளர்ந்தால் உதறும், அதிகம் இறுகினால் வீல் திரும்பி வராது. எங்கள் வண்டியில் இது சரியாக இருந்தது.

படி 4. பாக்ஸைச் சரியாக வைத்தல்

இப்போதுதான் என் தப்பைத் திருத்தினேன். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணி, சரியாகப் பாதிக்குக் கொண்டுவரவேண்டும். அந்த நடு இடத்தில் வைத்து, மிக லேசான பிடிப்பு தெரியும் வரைதான் ஸ்குரு. நடுவிலிருந்து இரு பக்கமும் போகும்போது வீல் லேசாக ஓடவேண்டும். பாக்ஸில் ஆயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

பெல் கிராங்கின் பின்னும் புஷ்ஷும், டை ராட் எண்டும் புதிது போட்டோம். வீலின் ஆட்டம் ஒரு அங்குலத்துக்குள் வந்தது. சந்தோஷமாக அப்பாவோடு கடலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வீல் கவ்வுவது போயிற்று. ஆனால் அலைவது போகவில்லை!

படி 5. டோ-இன்

முன் சக்கரங்கள் இரண்டும் முன்புறம் ஒரு நூல் அளவு நெருங்கி இருக்கவேண்டும். வில்லிஸ் ஜீப்புக்கு 3/64 முதல் 3/32 அங்குலம், ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். இதை அளக்க மெஷின் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு டயரின் நடுவில் சாக்பீஸைத் தடவி, ஆணி முனையால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் போட்டபின் இறக்கி, வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் பட்டை அமரவிடுங்கள். அச்சின் உயரத்தில், முன்புறம் கோட்டுக்குக் கோடு டேப்பில் அளந்து அந்த இடத்தில் புள்ளி வையுங்கள். வண்டியை முன்னால் தள்ளி அதே புள்ளிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். பின் அளவில் முன் அளவைக் கழித்தால் டோ-இன்.

எங்களுக்கு விடை கழித்தலில் வந்தது: முன்புறம் 4 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. டயர் சொன்னது சரிதான். 2 மில்லிமீட்டர் டோ-இன் வைத்தோம். கொஞ்சம் நன்றாயிற்று. பாலத்துக் காற்றில் இன்னும் அலைந்தது.

படி 6. பட்டையும் கேஸ்டரும்

நாள் ஐந்து முடிந்துவிட்டது. அன்று ராத்திரிதான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். "ப்பா, இது எப்பலேருந்து இப்பிடி?"

"பட்டை வேல பாத்ததிலேருந்துதான்டா. அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?" என்றார்.

ஆறு மாதத்துக்கு முன் கனம் ஏற்றுவதற்காக ஒரு பட்டறையில் பின்பக்கக் கட்டில் கூடுதல் பட்டை போட்டிருந்தார்கள். வண்டி பின்னால் 2 அங்குலம் உயர்ந்துவிட்டது. இங்கே கொஞ்சம் கணக்கு.

கேஸ்டர் என்பது கிங் பின்னின் மேல் முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள். கைப்பிடிக் குழாய் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதன் கோட்டை நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய்த் தரையைத் தொடும். ஆகவே டயர் எப்போதும் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும், தானாக நேராகும். கையை விட்டு சைக்கிள் ஓட்ட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வில்லிஸ் ஜீப்புக்கு கேஸ்டர் 3 டிகிரி. இது குறைந்தால் வண்டிக்கு நேர் எது என்றே தெரியாது.

சின்ன சேசி ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம். பின்னால் 2 அங்குலம் உயர்த்தினால் சேசி முன்பக்கம் சாயும். 2-ஐ 80-ஆல் வகுத்தால் 0.025, டேன் அட்டவணையில் அது 1.43 டிகிரி. அச்சும் சேசியோடு அதே அளவு முன்னால் சாயும். அவ்வளவு கேஸ்டர் போச்சு! கணக்கு வகுப்பில் டேன் தீட்டா எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு இது பதில்.

அளந்து பார்க்கவேண்டுமே. என் மாமா கொத்தனார். அவருடைய டியூப் லெவலைக் கொண்டுவந்து நான்கு சக்கரத்தின் அடியும் ஒரே மட்டமா என்று பார்த்து, தாழ்ந்த இடத்தில் பலகைத் துண்டு வைத்தோம். பிறகு கிங் பின்னின் கீழ் மூடியின் தட்டையான முகத்தில், வண்டியின் நீளவாட்டில், கோணமானியும் ஸ்பிரிட் லெவலும் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் கேஸ்டர் ஏறக்குறைய 1 டிகிரி தலைகீழாக, முன்பக்கம் சாய்ந்து இருந்தது.

பின்பக்கம் உயர்த்தியதால் மட்டும் இவ்வளவு போகாது. டார்ச் அடித்து முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரு புது இரும்பு ஆப்பு தெரிந்தது. பின்பக்கம் உயர்ந்ததற்கு ஈடு கட்ட, பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தோடு 2 டிகிரி ஆப்பு வைத்திருக்கிறார். ஆனால் திருப்பி வைத்துவிட்டார். இந்த ஜீப்பில் அச்சு பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் இருக்கவேண்டும். அப்போதுதான் அச்சின் மேல்புறம் பின்னால் சாயும். அச்சுக்கு மேலே பட்டை இருக்கும் வண்டிகளில் தடித்த பக்கம் பின்னால். இங்கே தடித்த பக்கம் பின்னால் இருந்தது.

கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் எல்லாம் பொருந்துகிறது. பழைய பட்டையில் கேஸ்டர் ஏறக்குறைய 2.4 இருந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்ததில் 1.4 போய் மீதி 1. தலைகீழ் ஆப்பால் 2 போய் எதிர் 1. ஆப்பைத் திருப்பினால் 1-உடன் 2 சேர்ந்து 3. கையேட்டில் உள்ள அளவே!

ஆறாம் நாள் தவளக்குப்பத்திலேயே ஒரு மெக்கானிக் அண்ணனின் துணையோடு யு போல்ட்டைத் தளர்த்தி, ஆப்புகளைத் திருப்பிப் போட்டோம். பழைய யு போல்ட்டை மறுபடி இழுக்காமல் புதிது போட்டோம். சென்டர் போல்ட்டின் தலை அதன் குழியில் உட்கார்ந்ததா என்று பார்த்தோம். உட்காரவில்லை என்றால் அச்சு கோணலாகிவிடும். இரண்டு பக்கமும் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை அளந்தோம், சமம். ஷாக்கிள் புஷ்களையும் பார்த்தோம். அதிலே ஆட்டம் இருந்தால் அச்சு பக்கவாட்டில் நகர்ந்து, வண்டி தானே திரும்பும். கடைசியாக டோ-இன்னை மறுபடி அளந்தோம். கேஸ்டரை மாற்றினால் அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆப்பால் கேஸ்டரைக் கூட்டும்போது முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் அதிகமாகும். ஆகவே ஆசைப்பட்டு பெரிய ஆப்பு வைக்கக்கூடாது.

ஏழாம் நாள்

முதலாளி அப்பாவைத்தான் ஓட்டச் சொன்னார். அவர் பக்கத்தில், நானும் மாமாவும் பின்னால். தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து வடக்கே திரும்பி சுண்ணாம்பாறு பாலம் வரை. நல்ல காற்று. பாலத்தின் நடுவில் அப்பா வலது கையை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். வண்டி நேராகப் போயிற்று. முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது, "நாளைக்கு காலைல பாகூர் போவணும், சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். இன்றுவரை வேறு ஆள் வரவில்லை. உர மூட்டைக் கணக்கு அப்பா சம்பளத்திலிருந்து மாதா மாதம் பிடிக்கப்படுகிறது. அது என் கணக்கு என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போனதும் தீர்ப்பேன்.

நண்பர்களே, நினைவில் வைக்கவேண்டியவை:

1. ஓட்டுபவரிடம் "எப்போதிலிருந்து, என்ன வேலை பார்த்த பிறகு" என்று முதலில் கேளுங்கள். நான் அப்பாவைக் கேட்டிருந்தால் ஐந்து நாளும் மூன்று தையலும் மிச்சம்.

2. அளக்காமல் எந்த ஸ்குருவையும் தொடாதீர்கள். தொட்டால் எத்தனை சுற்று என்று எழுதுங்கள்.

3. ஸ்டியரிங் பாக்ஸை நடு நிலையில் மட்டுமே சரிசெய்யவேண்டும். வீலின் ஆட்டத்துக்கு பாக்ஸ்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள்.

4. வரிசை இதுதான்: டயர், மூட்டுகள், பேரிங், பாக்ஸ், டோ-இன், பட்டை, கேஸ்டர். ஆட்டம் உள்ள வண்டியில் கோணத்தை அளந்தால் விடை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்.

5. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

6. ஸ்டியரிங்கில் கை வைத்தால், காட்டர் பின் முதல் லாக் நட் வரை இன்னொருவர் ஒருமுறை பார்த்த பிறகுதான் வண்டி ரோட்டில் இறங்கவேண்டும். அதன் பின்னால் உட்காரப் போவது யாரோ ஒருவருடைய அப்பா.

நாம் எல்லோரும் நாளைக்கு ஏதாவது ஒரு ஷெட்டிலோ கம்பெனியிலோ நிற்கப் போகிறோம். அங்கே படிக்காத டிரைவர் ஒருவர் வந்து, "சார், வண்டி நம்ம பேச்ச கேக்கல" என்று சொல்வார். சிரிக்காமல் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிழை இருந்தால் பொறுத்து, நேரில் சொல்லித் திருத்தவும்.